இரண்டாவது முகத்துவாரம்

அத்தியாயம் 11

கோவிந்தம்மாவின் கணக்கில் அன்றோடு பத்து மாதம் முடிந்து பதினோரு நாள். பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

தெய்வநாயகி தாய்வீட்டுக்கு வந்து இருபது நாளாகிறது. கடலோரக் குப்பத்திலிருந்து வந்த படகைவிட்டு அவள் தன் ஊரான தோணிரேவில் இறங்கியபோது, கரையில் நின்ற பெண்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் வயிற்றைப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய வயிறு. அன்றைக்கே வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சோறு ஆக்கி, நல்ல நேரம்கூடக் கேட்காமல் சடங்கை முடித்துவிட்டாள் கோவிந்தம்மா.

மறுநாளிலிருந்து வேலை தொடங்கியது. மாசம் நிறைந்தவள் உட்கார்ந்தே இருந்தால் பிள்ளை உள்ளேயே சுகம் கண்டுவிடும். அவள் நடக்க வேண்டும், குனிய வேண்டும், நெல் குத்த வேண்டும். கால் வீங்கியிருப்பதால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். ஐந்து பெற்றவள் சொன்ன சட்டம் இது.

வந்த அன்று தெய்வநாயகி ஒரே ஒரு முறை, தனக்கு ஆறாம் மாதம்தான் நடக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். முதல் பிள்ளைக்காரிக்குக் கணக்கு நிற்காது, வயிறு பொய் சொல்லாது என்று அம்மா சிரித்தாள். பதினெட்டு வயதில், ஊரே ஒரு பக்கம் நின்றால் தன் விரல்களையே சந்தேகிக்கத் தோன்றும். அவளும் சந்தேகித்தாள். கேட்டுச் சொல்லப் புருஷன் பக்கத்தில் இல்லை. சகாதேவன் உலாந்தா என்கிற டச்சுக் கம்பெனியின் படகில் துணிப்பொதிகளோடு சதுரங்கப்பட்டினம் போயிருந்தான். திரும்ப இன்னும் எட்டு நாளாகும்.

அன்று விடியும் முன்பே வலி வந்தது.

அவள் ஒருக்களித்துப் படுத்து, வாசல் வழியாக ஏரியைப் பார்த்தபடி இருந்தாள். அக்கரையில் உலாந்தாக்காரர்களின் கெல்திரியாக் கோட்டை, கொடி ஏறாத கம்பத்தோடு சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அந்தக் கோட்டைக்காரர்களின் ஊரில் குளிர்காலத்தில் ஏரி கல்லாகிவிடுமாம். அதன் மேல் மாடும் வண்டியும் போகுமாம். சகாதேவன் சொல்லியிருக்கிறான். இந்த ஏரியும் ஒரே ஒரு நாள் அப்படிக் கல்லானால், அதன் மேல் நடந்து, தெற்கே தெற்கே போய், படகுத் துறையில் பொதி இறக்கிக்கொண்டிருக்கும் அவன் முதுகைத் தட்டி, "எத்தினி மாசம்னு நீயே சொல்லு" என்று கேட்கலாம்.

வயிறு மறுபடி இறுகியது. கல்லானது ஏரியல்ல, தன் வயிறுதான் என்று தோன்றியது.

வெயில் ஏறும்வரை இப்படியே போனது. வலி வந்தது, போனது, மறுபடி வந்தது. ஆனால் பிள்ளை வருவதற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. கோவிந்தம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்து, சுக்கும் மிளகும், பெயர் சொல்லக் கூடாத ஒரு வேரும் போட்டுக் காய்ச்சினாள். வலியைக் கூட்டிப் பிள்ளையை வெளியே தள்ளும் கஷாயம் அது. அவளுடைய மூன்றாவது பிள்ளை அதில்தான் பிறந்தது.

வாசலில் தெய்வநாயகியின் நைனா துளசிங்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார். பெண்ணுக்கு வலி எடுத்த நாளில் ஏரிக்குப் போக அவருக்குக் கால் வரவில்லை. வீட்டுக்குள் இருக்கவும் வழியில்லை.

கோவிந்தம்மா கஷாயத்தைக் கொட்டாங்கச்சியில் ஊற்றி ஊதி ஆற்றி, மகளின் உதட்டருகே கொண்டுபோனாள்.

"குடி. பொழுது சாயறதுக்குள்ள பொறந்துடும்."

"வேணாம்மா."

"கசக்கும். மூச்சப் புடிச்சிக்கினு உள்ள வுடு."

தெய்வநாயகி வாயை மூடிக்கொண்டாள். இருபது நாளாக மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்த ஒன்று அவளுக்கு அந்தக் கணத்தில் சட்டென்று தெளிந்தது. அம்மா எப்போதும் மொகத்துவாரம், மொகத்துவாரம் என்றுதான் கணக்குச் சொல்கிறாள். எந்த முகத்துவாரம்?

பழவேற்காட்டு ஏரிக்காரர்களுக்கு வருடம் தொடங்குவதே அங்கேதான். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, கடலுக்கும் தனக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டை உடைத்துக்கொண்டு பாயும்; அந்த வாய்தான் முகத்துவாரம். கல்யாணம், சாவு, பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் அந்த நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். சித்திரை மாதம் சம்பந்தி வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்து, முகத்துவாரம் திறந்ததிலிருந்து உங்கள் பெண் முழுகவில்லை என்று சொன்னபோது, கோவிந்தம்மா ஐப்பசியிலிருந்து விரலை மடக்கினாள். ஆறு வந்தது. ஆறாம் மாதத்தில்தான் பெற்றவளுக்குச் சொல்லத் தோன்றியதா என்று அவளுக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்தில் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தவனுக்கு மோர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள்.

"யம்மா, ஐப்பசில தெறந்துச்சே, அது இல்ல," என்றாள் தெய்வநாயகி. "மாசில வெட்டுனாங்களே. அதுலேர்ந்து."

அந்த வருடம் தை மாதமே மணல் வந்து வாயை அடைத்துவிட்டது. இறால் உள்ளே வரவில்லை. மாசியில் எட்டு ஊர் ஆண்களும் மண்வெட்டியோடு போய், மூன்று நாள் வெட்டி மறுபடி திறந்தார்கள். பத்து வருடத்துக்கு ஒரு முறை நடக்கிற காரியம்.

"அது வெட்டுனதுடி. தெறந்ததுன்னு சொன்னா ஐப்பசிதான்," என்றாள் கோவிந்தம்மா. "வயித்தப் பாத்தியா நீ? மாசிலேர்ந்து எண்ணுனா இந்த வயிறு வருமா? வாயத் தெற."

சொல்ல இன்னும் ஒன்று இருந்தது. ஆனால் வாசலில் நைனாவின் முதுகு தெரிந்தது. பெண்கள் அதை ஆண்கள் காதுபடப் பேசுவதில்லை. இருபது நாளும் அவள் அதைச் சொல்லாமல் இருந்ததற்கு அந்த வெட்கமும் ஒரு காரணம். கொட்டாங்கச்சியின் விளிம்பு பல்லில் பட்டது. அவள் அதைக் கையால் தள்ளிவிட்டு, முதுகைப் பார்த்தே சொன்னாள்.

"வெட்டுன அன்னிக்கி நான் தூரமா ஒதுங்கி இருந்தேம்மா. தனிக் குடிசைல. தண்ணி ஒடச்சிக்கினு போனப்போ ஆம்பளைங்க போட்ட கூச்சல் அங்கேர்ந்துதான் கேட்டேன். மறுநா தல முழுகினேன். அதான் கடைசி."

வாசலில் வலை ஊசி நின்றது.

துளசிங்கம் திரும்பவில்லை. ஏரியைப் பார்த்தபடியே, "அது நெசம்," என்றார்.

அன்று அவரும் மண்வெட்டியோடு அங்கே இருந்தார். உச்சிப்பொழுதில் தாகம் தாங்காமல் மகள் வீட்டுக்குப் போனார். சம்பந்தியம்மாள்தான் தண்ணீர் கொடுத்தாள். பொண்ணு வீட்டில் இல்லை, ஒதுங்கி இருக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். மகளைப் பார்க்காமலே அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். இதையெல்லாம் அவர் ஏரிக்கே சொல்வதுபோலச் சொன்னார்.

"ஏன்யா, இத்தினி நாளா இத வாயத் தெறந்து சொன்னியா நீ?"

"இதையெல்லாம் ஆம்பள எண்ணிக்கினு இருப்பானா கோவிந்தம்மா."

அவள் விரல்களை மடக்கினாள். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. ஆவணி இன்னும் முடியவில்லை. மறுபடி ஒரு முறை மடக்கிப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த கொட்டாங்கச்சியைப் பார்த்தாள். எழுந்து வெளியே போனவள் திரும்பி வந்தபோது அது கையில் இல்லை. முந்தானையால் கையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ ஆறு மாசத்துக்கு எதுக்கு இம்மாம் பெரிய வயிறு?"

அக்கரை மருத்துவச்சிதான் அதைச் சொல்ல வேண்டும். துளசிங்கம் ஏற்கெனவே தோணியைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

•

சூசையம்மாளின் வீடு கோட்டைக்குப் பின்னால், சிப்பாய்கள் குடும்பத்தோடு இருக்கும் சந்தில் இருந்தது. உலாந்தாக்காரனைக் கட்டிக்கொண்ட உள்ளூர்ப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் மருத்துவச்சி. எல்லாரும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் கோட்டைக்காரர்கள் மாதாவைக் கும்பிடாதவர்கள், அவள் மாதா கோயில்காரி. அதனால் கழுத்து ஜெபமாலையை ரவிக்கை இல்லாத தோளில் சேலையால் மூடிக்கொண்டுதான் அந்தப் பக்கம் நடமாடுவாள். பிரசவ வீட்டுக்குள் போன பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

துளசிங்கம் சொல்லி முடிப்பதற்குள் அவள் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டாள். தோணியில் உட்கார்ந்ததும், பெண் காலையிலிருந்து என்ன குடித்தாள் என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றார். நேற்று? கால் வீக்கத்துக்காகத் தண்ணீரைக் குறைத்திருக்கிறோம் என்றார். நெல் குத்தியதையும் சொன்னார்.

"உம் பொண்டாட்டிய ஏரில ஒரு முக்கு முக்கி எடுக்கணும் துளசிங்கம்," என்றாள் சூசையம்மாள். "வேகமாத் தள்ளு."

தென்காற்று எதிரே வந்தது. அவர் கழியை ஊன்றி ஊன்றித் தள்ளினார். பாதி ஏரியில் அவருக்கு ஒரு நினைப்பு வந்தது. கஷாயம் உள்ளே போயிருந்தால் இந்நேரம் தன் தோணி வேறு காரியத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.  கழியை இன்னும் ஆழமாக ஊன்றினார்.

•

சூசையம்மாள் கையைக் கழுவி, அடுப்புத் தணலில் உள்ளங்கையைச் சூடு காட்டிக்கொண்டாள். பிறகு தெய்வநாயகியின் வயிற்றில் வைத்தாள். அழுத்தவில்லை. கண் தெரியாதவள் ஒரு முகத்தைத் தடவிப் பார்ப்பதுபோல மெதுவாகத் தடவினாள். வலது விலாவுக்குக் கீழே கை நின்றது. அங்கேயே இரண்டு விரல்களால் ஒன்றைப் பிடித்துப் பார்த்தாள். மற்றொரு கை கீழே இறங்கி, இடுப்பெலும்புக்குச் சற்று மேலே நின்றது. இரண்டு கைகளும் வெகுநேரம் அப்படியே இருந்தன.



"ஏங்கண்ணு," என்றாள் சூசையம்மாள், "உம் புருஷன் ஒரே வீச்சுல ரெண்டு கொடுவா புடிச்சிருக்கான்."

தெய்வநாயகிக்குப் புரிய ஒரு கணம் ஆனது. மேலே ஒரு தலை, கீழே ஒரு தலை என்று சூசையம்மாள் அவள் கையையே எடுத்து வைத்துக் காட்டினாள். மேலே இருந்தது தேங்காய் நெற்றுபோல உருண்டு விலகியது. தெய்வநாயகி சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. வயிறு இறுகவே சிரிப்பும் அழுகையும் நின்றன.

கோவிந்தம்மா மகளின் காலடியில் வந்து உட்கார்ந்தாள். வயிறு பொய் சொல்லாது என்று அவள் சொன்னது சரிதான். அது சொன்னதை அவள் வேறாகப் படித்துவிட்டாள்.

"ரெட்டையா யக்கா?"

"ரெட்டைதான். இப்போ வந்துச்சுங்கன்னா மூச்சு வுடத் தெரியாது ரெண்டுக்கும். ஐப்பசி தாண்டணும். அது வரிக்கும் இவ கரைல ஏத்துன தோணி. எவரும் தள்ளக் கூடாது."

பிறகு கட்டளைகள் வரிசையாக வந்தன. பழைய வலையைச் சுருட்டி இடுப்புக்குக் கீழே வை. இடது பக்கமாகப் படுக்க விடு. உலக்கையை வீட்டைவிட்டே எடு. இளநீர், உப்புப் போட்ட நீராகாரம், வெறும் தண்ணீர், எது கிடைக்கிறதோ அதை ஒவ்வொரு வாயாகக் கொடுத்துக்கொண்டே இரு. கால் வீங்கினால் வீங்கட்டும். தண்ணீர் காய்ந்த உடம்பில்தான் கருப்பை கோபித்துக்கொண்டு இறுகும். நிற்குமா நிற்காதா என்று மாலைக்குள் தெரிந்துவிடும்.

வலிக்கும் வலிக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கோட்டை மணி அதற்கு உதவாது. வாசலில் இருந்த துளசிங்கம், தான் சொல்கிறேன் என்றார். அவர் கை ஒரே வேகத்தில் வலை முடியும். நாற்பது வருடப் பழக்கம். உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டதும் அவர் முடிகிற கண்ணிகளை எண்ணத் தொடங்கினார்.

அடுத்த வலி இருபத்து மூன்றாவது கண்ணியில் வந்தது.

அதற்கடுத்தது இருபத்தைந்தில். பிறகு பதினெட்டிலேயே வந்துவிட்டது. அவர் அந்த எண்ணை உரக்கச் சொல்ல விரும்பவில்லை. சூசையம்மாள் இரண்டு முறை கேட்ட பிறகுதான் சொன்னார். அவள் உடனே, சுருட்டி வைத்த வலையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

உள்ளே கோவிந்தம்மா பனையோலையை மடித்து, அதில் இளநீரை எடுத்து மகளின் வாயில் விட்டுக்கொண்டிருந்தாள். இருபது நாளாக மறுத்த தண்ணீரை ஒரே மதியத்தில் கொடுத்துவிட முடியுமா என்று பார்ப்பதுபோல இருந்தது. போதும் என்று தெய்வநாயகி தலையை ஆட்டினால், இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சினாள். இந்தக் குரலில் அம்மா பேசி அவள் கேட்டதே இல்லை.

முப்பத்தெட்டு என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"அந்த ஆளுக்கு ஒரு மோர் குடுத்திருக்கலாம்," என்றாள் கோவிந்தம்மா திடீரென்று.

"யாருக்கு?"

"சித்திரைல சேதி சொல்ல வந்தானே. குடுத்திருந்தா உக்காந்திருப்பான். நாலு வார்த்த பேசியிருப்பான். நானும் கேட்டிருப்பேன்."

தெய்வநாயகி அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கோவிந்தம்மா வேறு பக்கம் பார்த்தபடி, அடுத்த மடிப்பு இளநீரை எடுத்தாள்.

அறுபத்தேழு. பிறகு நூற்றுப் பன்னிரண்டு. நூல் தீர்ந்துபோய் அவர் புதிய நூல்கண்டு எடுத்தார். எடுக்கிற நேரத்துக்காகத் தோராயமாக நாலு கண்ணி சேர்த்துக்கொண்டார். வெயில் வாசலைவிட்டு இறங்கி, கவிழ்த்துப் போட்ட படகின் மேல் ஏறியது. இருநூற்று நாற்பதைத் தாண்டியும் உள்ளிருந்து சத்தம் வரவில்லை. அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். முந்நூறு. முந்நூற்றுப் பத்து. வலை அவர் முழங்காலை மூடி மண்ணில் வழிந்தது.

சூசையம்மாள் வாசலுக்கு வந்து அவர் தோளைத் தொட்டாள்.

"போதும் துளசிங்கம். தூங்குறா."

•

சூசையம்மாளைக் கொண்டுபோய் விடவேண்டிய நேரமாகிவிட்டது. சந்தில் இன்னொருத்திக்கும் நாள் நெருங்கியிருந்தது. கோவிந்தம்மா உப்புப் போட்டு வைத்திருந்த மடவை மீனில் நல்லதாகப் பார்த்து நாலு எடுத்து ஓலையில் கட்டிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே துறைக்கு வந்தாள். அவள் வருவதைக் கவனிக்காமல் சூசையம்மாள் தோணியில் உட்கார்ந்தபடி துளசிங்கத்திடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"மேல இருக்கறது நல்லா வெளையாடுது. கீழ இருக்கறது எங்கையில அசையல. நானும் மதியத்துலேர்ந்து பாக்குறேன். தூங்கிச்சோ இன்னாவோ. காலைல வந்து சேதி சொல்லு."

கோவிந்தம்மா மீனை அவள் மடியில் வைத்தாள். சூசையம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.  தோணி நகர்ந்தது.

அவள் வீட்டுக்குத் திரும்பியபோது ஏரியின் மேல் இன்னும் வெளிச்சம் இருந்தது. தெய்வநாயகி விழித்திருந்தாள். கோவிந்தம்மா அவள் பின்னால் படுத்து, கல்யாணத்துக்கு முன்பு படுத்த மாதிரி நெருங்கிப் படுத்து, கையை மெதுவாகத் தொப்புளுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள்.

"அங்க ஒண்ணும் இல்லம்மா," என்றாள் தெய்வநாயகி. "காலைலேர்ந்தே இல்ல. மேல இருக்கறதுதான் ஆடுது."

"உனக்கு யார் சொன்னது?"

"எனக்குத் தெரியாதா."

கோவிந்தம்மா கையை எடுக்கவில்லை. பிள்ளைகள் அப்படித்தான், ஒன்று ஆடினால் ஒன்று தூங்கும், அவள் அண்ணன்மார் இரண்டு பேரும் ஒரே பாயில் அப்படித்தான் கிடந்தார்கள் என்றாள். சொல்லச் சொல்லத் தன் குரலே தனக்கு நம்பிக்கையாக இருப்பதுபோலப் பேசிக்கொண்டே போனாள். தெய்வநாயகி தன் கையை அவள் கையின் மேல் வைத்தாள். மேலே, விலாவுக்குப் பக்கத்தில், ஒரு உதை. பிறகு ஒரு புரளல். கீழே அமைதி. துறையில் யாரோ படகைக் கட்டிவிட்டுப் போனார்கள். கோட்டைப் பக்கம் மாலை மணி அடித்து ஓய்ந்தது.

அப்போது கோவிந்தம்மாவின் உள்ளங்கைக்கு அடியில் ஏதோ தட்டியது. தூண்டில் இரையைச் சின்ன மீன் முட்டிப் பார்க்குமே, அவ்வளவுதான்.

"யம்மா."

"ம்."

"அது மேல இருக்கறது கால நீட்டுனதா? இல்ல..."

"பேசாத," என்றாள் கோவிந்தம்மா. "இன்னொரு தபா வரட்டும்."